வேண்டுதல் இல்லாத நடை

1

இந்தக் கதை என் அண்ணியின் இடது குதிகாலில் தொடங்கியது. அழகுக்காகச் சொல்லவில்லை. அவர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்த ஊசியால் அவருடைய கொப்புளங்களைக் குத்தி நீரை வடித்துக்கொண்டிருந்தேன்.

"இதை எழுதப் போறியா?" என்றார்.

"எதை அண்ணி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. பூனை பால்சட்டியைப் பாக்கிற மாதிரி என் காலையே பாத்துக்கிட்டிருக்கே."

நான் கதை எழுதுகிறவள். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். இரண்டிலும் பெரிய பேர் கிடையாது. ஆனாலும் ஒரு கதை கண்ணெதிரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விட்டுவிட முடியுமா?

"எழுதிக்கோ," என்றார் அண்ணி. "ரெண்டு கண்டிஷன். என்னைப் பாவமாக்கக் கூடாது. நான் ஏன் போனேங்கிறதுக்கு நீயா ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. மீறினா, உன்னைக் கார்ல ஏத்தி ரிவர்ஸ் கியர்லயே உன் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவேன்."

செய்யக்கூடியவர்தான்.

2

முதல் வரிகள் மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே வைக்கிறேன்.

"மழலைச் சொல் கேளாத அந்த வீட்டில், தன் வெறும் வயிற்றைத் தடவியபடி அவள் மெல்ல—"

[நிறுத்திவிட்டேன். அண்ணி வயிற்றைத் தடவி நான் பார்த்ததே இல்லை. கதைகளில் வருகிற பிள்ளையில்லாத பெண்கள்தான் சதா வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அண்ணிக்கு அதற்கெல்லாம் கை ஒழியாது.]

"மலை அவளை அழைத்தது."

[பொய். மலை யாரையும் அழைக்காது. அது பாட்டுக்கு இருக்கும்.]

"என் அண்ணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்."

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம். கற்றுக்கொடுக்கும் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் பாதத்தை வைத்தபடி, பயத்தில் வெலவெலத்துப்போன ஆட்களுடன் தினமும் அதே தெருக்களைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் அவர் வேலை. "கிளட்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. யாரும் துரத்தல." வண்டி அணைந்துபோனால் திட்டமாட்டார். "பரவாயில்ல, திருப்பி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். ஒரு நாளில் இதை எத்தனை முறை சொல்வார் என்று அவருக்கே தெரியாது.

நாற்பத்தைந்து வயது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை இல்லை.

இந்த இடத்தில் உங்கள் மனசில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். எனக்கும் எழுந்தது. குறை யாரிடம்? கதை எழுதுகிறவளின் புத்தி, அண்ணனிடம்தான் இருக்க வேண்டும், அண்ணி அதை வெளியே சொல்லாமல் பழியைத் தாங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. எவ்வளவு நல்ல திருப்பம்! கேட்டே விட்டேன்.

"டாக்டர் ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னார்," என்றார் அண்ணி. "ஏன், யார் மேலயாவது குறை இருந்தாத்தான் கதையா?"

திருப்பம் போயிற்று. போகட்டும்.

(* எங்கள் வீட்டாரில் அண்ணனுக்கு 'ன்', அம்மாவுக்கு 'ள்', அண்ணிக்கு மட்டும் 'ர்' போட்டு எழுதுகிறேன். அச்சகத்தில் யாரும் இதைத் திருத்திச் சீராக்க வேண்டாம். வேண்டுமென்றேதான்.)

3

அண்ணி இதற்கு முன் போகாத மலையில்லை, முங்காத தீர்த்தமில்லை. என் அம்மா கூட்டிப் போனாள். கூட்டிப் போனாள் என்பது மரியாதைக்கு, இழுத்துப் போனாள். யாராவது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "எங்க நாத்தனாருக்குப் பன்னெண்டு வருஷம் இல்ல, அந்தக் கோயிலுக்குப் போனாங்க, அடுத்த வருஷமே ரெட்டை" என்று சொல்லிவிட்டால் போதும், அம்மா வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்துவிடுவாள். அண்ணி ஈரப் புடவையோடு பிராகாரம் சுற்றினார். முழங்காலில் படியேறினார். ரயிலில், பஸ்ஸில், ஒருதடவை சிமெண்டு லாரியில்.

அம்மா கெட்டவள் இல்லை. அண்ணிக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஆனால் காய்ச்சல் விட்டதும் முதல் வார்த்தை, "இப்ப உடம்பு தேவலைதானே? வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பலாமா?"

நாற்பது தாண்டியதும் பயணங்கள் குறைந்தன. பிறகு நின்றன. யாரும் அதை அறிவிக்கவில்லை. பை பரணுக்குப் போயிற்று, அவ்வளவுதான். அதற்கப்புறம் அண்ணி வீட்டில் யாரும் சாமி மலை என்ற பேச்சை எடுப்பதில்லை. அண்ணிக்குச் சங்கடமாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அந்த எல்லாரில் நானும் உண்டு.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே அண்ணி சொன்னார்: "மலைக்கு நடந்து போறவங்க குழுவில பேர் குடுத்திருக்கேன். ஸ்கூல்ல லீவு சொல்லிட்டேன்."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நானே சொல்லலாம்னு இருந்தேன்டி! இந்தக் காலத்துல அம்பது வயசுலகூட—"

"அதுக்கு இல்ல அத்தை."

"பின்ன எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எதையும் கேக்கிறதுக்கு இல்ல. சும்மா நடந்து போய்ப் பாத்துட்டு வரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தான். 'சும்மா' என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய குண்டாக வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"சாமிகிட்ட போய் ஒண்ணும் வேண்டாம்னு சொல்றது திமிருடி," என்றாள் அம்மா.

"வேண்டாம்னு சொல்லப் போகல அத்தை. கேக்காம இருக்கப் போறேன். ரெண்டும் வேற."

4

[நடுவில் ஒரு போன்.]

இந்தக் கதையை என்னிடம் எழுதிக் கேட்டிருப்பவர் ஒரு பத்திரிகையின் ஆசிரியர். யாத்திரைச் சிறப்பிதழ் கொண்டுவருகிறார். இதுவரை எழுதியதை அனுப்பியிருந்தேன்.

"நல்லா வருதும்மா. ஆனா அந்த அம்மா ஏன் போறாங்கன்னு வாசகருக்குப் புரியணுமில்ல? ஒரு சின்ன அதிர்ச்சி வைங்க. ஸ்கேன்ல ஏதோ கட்டின்னு வருது. கடைசி ஆசையா மலைக்கு—"

"அவங்க நல்லா இருக்காங்க சார்."

"கதையிலதானே?"

"கதையிலயும் நல்லா இருக்கட்டும்."

ஒரு ஆள் கடைக்குப் போய் வெறும் கையோடு வந்தால் நாம் சந்தேகப்படுகிறோம். கோயிலுக்கு வெறும் கையோடு போகிறவளைச் சந்தேகப்படாமல் இருப்போமா? ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்?

5

குழுவில் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன், அதில் எல்லாருடைய பைகளும். அப்புறம் ஒரே நிற டி-ஷர்ட்டில் ஆட்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நடை. லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது அண்ணியின் வலது பாதம் தானாகத் தரையை அழுத்துமாம். இல்லாத பிரேக்.

குழுவின் தலைவர் ஒரு கட்டட காண்ட்ராக்டர். அவரை வில்லனாக்க எனக்கு மூன்று பத்தி போதும். [எழுதினேன். அடித்துவிட்டேன்.] உண்மையில் அவர் நல்ல மனுஷன். வயதானவர்களின் காலுக்குத் தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிடுவார். மகளுக்கு வந்த ஒரு விஷக்காய்ச்சல் இறங்கியதிலிருந்து வருஷா வருஷம் நடக்கிறார். நல்ல மனுஷர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் கஷ்டம்.

சாயங்காலம் தங்குமிடம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே தினமும் ஒரு வழக்கம். மைக் ஒவ்வொருவரிடமும் போகும். தங்கள் வேண்டுதலைச் சொல்வார்கள். எல்லாரும் கண்ணை மூடி அதற்காகச் சேர்ந்து பிரார்த்திப்பார்கள். கடனடைய, வேலை கிடைக்க, விசா வர, பல்வலி போக. அண்ணியின் முறை வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. சும்மா வந்தேன்."

சிரிப்பு. "சும்மா யாராவது இவ்வளவு தூரம் நடப்பாங்களா?" என்றார் தலைவர். "கூச்சப்படாதீங்கம்மா. இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி."

"நிஜமாவே ஒண்ணும் இல்லைங்க."

அண்ணி தெருப் பெண் ஒருத்தி குழுவில் இருந்தாள். அவள் எழுந்து போய்த் தலைவரின் காதில் ஏதோ சொன்னாள். தலைவரின் முகம் அப்படியே உருகிவிட்டது. மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். "நம்ம சகோதரிக்கு இத்தனை வருஷமா ஒரு குறை. வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாத குறை. அடுத்த வருஷம் இவங்க இடுப்புல ஒரு குழந்தையோட வரணும்னு எல்லாரும் மனசார..."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். அண்ணி எழுந்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போய், தலைவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். இதை அவர் என்னிடம் இரண்டுதடவை அழுத்திச் சொன்னார்.

"எல்லாரும் கண்ணைத் திறங்க. நல்ல மனசோடதான் செய்யறீங்க, புரியுது. ஆனா எனக்காக இதைக் கேக்காதீங்க. அந்த சாமிகிட்ட இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் இந்த ஒரே பேச்சுதான். சாமி, நீங்க எப்படி இருக்கீங்கன்னுகூட ஒரு வார்த்தை விசாரிச்சதில்ல. இந்தத் தடவை மனு இல்லாம போறேன். என் கையில ஒண்ணை எழுதித் திணிக்காதீங்க."

யாரோ ஒரு கிழவர் கை தட்டினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

(* இது காரணம் ஆகாதா என்று கேட்டால், ஆகலாம். ஆனால் அவர் வாயால் சொன்னது. நான் வைத்தது இல்லை.)

6

மறுநாள் காலையில் தலைவர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமில்லை. அதுதான் வம்பு.

"கூட்டுப் பிரார்த்தனைங்கறது நூறு கை பிடிக்கிற கயிறும்மா. ஒரு கை விட்டாலும் தொய்யும். ஜனங்க சங்கடப்படறாங்க. இன்னிக்கு சாயங்காலம் ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க. உலக நன்மைக்குன்னு சொன்னாக்கூடப் போதும்."

"பொய் சொல்லணுமா?"

"உலகம் நல்லா இருக்கணும்கறது பொய்யா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாராம். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். "இல்ல. ஆனா அதுக்காக நான் நடக்கல."

"அப்ப குழுவோட வர்றது கஷ்டம்மா."

"சரிங்க. ரோடு குழுவுக்குச் சொந்தமில்லையே."

வேனிலிருந்து தன் பையை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரே நிற டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, தன் சொந்தச் சட்டையில் நடக்க ஆரம்பித்தார். ஒலிபெருக்கிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் சன்னமாயிற்று.

கொஞ்ச தூரத்தில் யாரோ மூச்சு வாங்க ஓடிவரும் சத்தம். தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. குழுவில் பழக்கம்.

"நானும் உங்களோட வரலாமா? ஆனா எனக்கு வேண்டுதல் இருக்கு. பரவாயில்லையா?"

"இருக்கட்டுமே. உங்க பை, நீங்க தூக்கப் போறீங்க," என்றார் அண்ணி.

ஒரு பெட்ரோல் பங்க் தாண்டினார்கள். பிறகு தையலம்மா சொன்னார்: "மைக்ல என் பொண்ணுக்கு நல்ல இடம் அமையணும்னு சொன்னேனில்ல? அது இல்ல. எங்க அம்மா படுக்கையில விழுந்து ரொம்ப நாளாச்சு. என்னை யாருன்னே தெரியல. முதுகெல்லாம் புண்ணு. அவங்க சீக்கிரம் போய்ச் சேந்துடணும்னு வேண்டிக்கத்தான் வரேன். இதை எப்படிங்க நூறு பேரைக் கண்ணை மூடிக் கேக்கச் சொல்றது?"

அண்ணி நடையை நிறுத்தவில்லை. தையலம்மாவின் பையை வாங்கித் தன் இன்னொரு தோளில் மாட்டிக்கொண்டார். உங்க பை நீங்க தூக்கப் போறீங்க என்று சொன்னவர்தான்.

[இந்த இடத்தில் நான் ஒரு உவமை எழுதியிருந்தேன். இரண்டு பைகள், இரண்டு—. வேண்டாம். தோள் வலித்தது என்பது மட்டும் இருக்கட்டும்.]

7

தலைவர் அதற்குள் அண்ணனுக்குப் போன் பண்ணிவிட்டார். "உங்க சம்சாரம் தனியாப் போறாங்க. பொறுப்பு எங்களது இல்லைன்னு சொல்றதுக்குத்தான்."

அண்ணன் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, ஆபீசிலிருந்து அப்படியே ஸ்கூட்டரில் கிளம்பினான். வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில், ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்த இருவரையும் கண்டுபிடித்தான். தையலம்மா நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டார். காது மட்டும் இங்கேதான் இருந்தது. இந்தப் பகுதியை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

"ஏறு," என்றான் அண்ணன்.

"ஏற மாட்டேன்."

"அம்மா காலையிலேர்ந்து சாப்பிடல."

"சாப்பிடச் சொல்லுங்க."

"ஊர்ல என்ன பேசுவாங்க? மைக்கைப் பிடுங்கினியாமே?"

"பிடுங்கல. வாங்கினேன்."

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. என் அண்ணன் சத்தம் போடுகிறவன் இல்லை. வாழ்க்கையில் அவன் கேட்டதெல்லாம் அம்மா வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவனே கேட்டான்.

"சரி, நடந்தே போ. நான் தடுக்கல. ஆனா அவ்வளவு தூரம் போறியே, எனக்காக ஒரே ஒரு தடவை கேட்டுட்டு வந்துடேன். எனக்கு இன்னும் ஆசை விடல. பஸ்ல யாராவது குழந்தையை மடியில வெச்சிருந்தா நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடறேன், உனக்குத் தெரியுமா? நீ விட்டுட்டே. என்னால முடியல."

ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் போயிற்று.

"இதை ஏன் இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"உங்க ஆசையையும் சேத்துத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மலையா நான் ஏறினேனே, அது கஷ்டமா இருக்காதுன்னு நினைச்சீங்களா? முழங்கால்ல படியேறினப்போ நீங்க கீழ நின்னு போட்டோ எடுத்தீங்க. ஒரு படி ஏறினீங்களா?"

அண்ணன் ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டினான்.

"ஆசைப்படறது தப்பில்ல," என்றார் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. "ஆசை இருந்தா நீங்க நடந்து வந்து நீங்க கேளுங்க. நான் தடுக்கல. உங்களுக்காக நான் கேக்க மாட்டேன். இனிமே மாட்டேன்."

எழுந்து நடந்தார். தையலம்மா மைல்கல்லிலிருந்து எழுந்து ஓடினார். அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். அடுத்த ஊர் வரைக்கும், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு, பளபள ஷூவோடு. ஒரு மெக்கானிக் கடையில் வண்டியை விட்டான். "என்ன ரிப்பேரு?" என்றானாம் மெக்கானிக். "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறான் அண்ணன்.

அந்த ஊரிலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டான். லாரி வரும்போதெல்லாம் அவன் ரோட்டுப் பக்கமாக மாறி நடந்தான் என்று தையலம்மா சொன்னார்.

8

இப்போது முடிவுகள்.

ஆசிரியரின் முடிவு ஒன்று: அடுத்த வருஷம் அண்ணி கர்ப்பம். "நாப்பத்தஞ்சு வயசு சார்." "அதாம்மா அற்புதம்!" முடியாது. கேட்காதவளுக்குக் கொடுத்துவிட்டால், கேட்காமல் இருப்பதும் ஒரு தந்திரம் என்றாகிவிடும்.

ஆசிரியரின் முடிவு இரண்டு: மலையடிவாரத்தில் அழுதுகொண்டிருக்கும் ஒரு அனாதைக் குழந்தை. முடியாது. குழந்தைகள் யாருடைய கதையையும் முடித்துவைப்பதற்காகப் பாதையோரத்தில் கிடப்பதில்லை.

மூன்றாவது என்னுடையது. பிடித்துத்தான் எழுதினேன். சன்னதியில் அண்ணி நிற்கிறார். கேட்கக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் தீபம் தெரிந்த அந்தக் கணத்தில் உடைந்து, உதடு தன்னையறியாமல் அந்தப் பழைய சொல்லையே—

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார்.

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல."

"அப்ப உதடு அசைஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"அசையலையா அண்ணி?"

"பாத்தியா? தலைவருக்கும் உனக்கும் மைக் ஒண்ணுதான் வித்தியாசம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஆசிரியருக்குப் போன் பண்ணி, முடிவு கிடையாது, விருப்பமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "கோபப்படறீங்களேம்மா" என்றார். ஆமாம், படுகிறேன். ஒரு பெண் எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் ஒரு இடத்தில் நிற்பதற்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

9

நடந்தவற்றில் எனக்குத் தெரிந்தவை இவை.

தையலம்மாவின் அம்மா இன்னும் இருக்கிறார். தையலம்மா மலையில் போய்க் கேட்டாரா, கேட்க மனம் வராமல் திரும்பினாரா, சொல்லவில்லை. வாரம் ஒருநாள் அண்ணி அங்கே போய், அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கக் கைகொடுத்துவிட்டு வருகிறார்.

என் அம்மா அண்ணியோடு பல நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல, "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று இழுத்தார். அண்ணி வாய் திறப்பதற்குள் அண்ணன், "எங்க ரெண்டு பேருக்கும் கால்வலி. அதான் விசேஷம்" என்றான். உறவுக்காரர் விழித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம், "காலுக்கு வெந்நீர் வைக்கட்டுமாடி?" என்று கேட்டாள். அவளிடமிருந்து அவ்வளவுதான் வரும். அண்ணி வைக்கச் சொன்னார்.

மலைமேல் நடந்தது: தையலம்மா முன்னமே வரிசைக்குள் போய்விட்டார். கோயில் வாசலில் அண்ணி, "நீங்க மொதல்ல போறீங்களா?" என்றார். "நீ போ," என்றான் அண்ணன். வரிசை நீண்டு கிடந்தது. அண்ணி அதில் போய்ச் சேர்ந்து, வளைவில் மறைந்தார். அண்ணன் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெயில் சுவரில் ஏறிவிட்டது. அண்ணி வந்தார். "இப்ப நீங்க போங்க" என்றார். அவன் போனான். வந்தான்.

என்ன கேட்டீர்கள் என்று அவர் அவனிடம் கேட்கவில்லை. கேட்டாயா என்று அவன் அவரிடம் கேட்கவில்லை. படி இறங்கும்போது அவன் முழங்கால் மடங்க மறுத்தது. அவர் தோளைக் கொடுத்தார், அவன் பிடித்துக்கொண்டான்.

அந்த வரிசையின் வளைவு வரைக்கும்தான் நான் வருவேன். அதற்கப்பால் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்; யார் எவ்வளவு கேட்டாலும் மாட்டேன். நீங்கள் போவதானால் போங்கள், வரிசை எல்லாருக்கும் பொது. ஆனால் உள்ளே, திரை விலகும் நேரத்தில், பக்கத்தில் யாரோ முணுமுணுப்பது உங்கள் காதில் விழுந்தால், திரும்பி அண்ணியைப் பார்க்காதீர்கள். அது உங்கள் குரல்.